சிங்கமுகத்தாளுக்கு ஒரு வாளித் தண்ணீர்

கோணேஸ்வரி அக்காவின் வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இருக்காது. ரொறன்ரோவின் மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், பக்கத்து வீட்டோடு ஒட்டிய சின்ன வீடு. போனால் நண்டுக் குழம்பு இருக்கும். இல்லாவிட்டால் அரை மணித்தியாலத்தில் இருக்கும். வயிறு நிறைந்து, சப்பாத்தைப் போட்டுப் புறப்படும்போதுதான் சிக்கல். வாசல்வரை வருவார். கதவுப் பிடியில் கை வைத்தபடி, "சரி, போங்க" என்பார். கதவு சாத்தப்படும்.

"போயிட்டு வாங்க" கிடையாது. "இன்னொரு நாளைக்கு வாங்க" கிடையாது. நம் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறுவது செத்த வீட்டிலிருந்து மட்டும்தான். அதனால் அதே தெருவில் இருக்கும் வேரோனிக்கா அன்ரி ஒரு முறைக்கு மேல் அங்கே போனதில்லை. "உவவுக்குத் தலைக்கனம், செலீன். நாயைக் கலைக்கிற மாதிரியெல்லோ போங்க எண்டவ" என்று என்னிடம் பொருமினார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. காரணம் தெரியாமல் வாய் திறக்கும் ஆட்களைக் கண்டால் எனக்கு எப்போதும் ஆகாது. ஆனாலும் அன்றைக்குக் காரணத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இப்போது சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு ஐம்பத்துமூன்று வயது. மட்டக்களப்பில் செட்டிபாளையம். ரொறன்ரோவுக்கு வந்து பத்தொன்பது வருடமாகிறது. அதில் பதினோரு வருடம் நகரின் நடுவில் ஒரு பெரிய அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை. கணவர் மாமாங்கம் கார் இருக்கைகள் செய்யும் தொழிற்சாலையில். ஒரே மகள் லக்ஷிகா ஒட்டாவாவில் படிக்கிறாள். நான் மன்னார், பேசாலை. அதே அருங்காட்சியகத்தில் செக்கியூரிற்றி. அஜக்ஸிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து ஆறு மணிக்கு உள்ளே நிற்பேன். சனத்துக்குக் கதவு திறப்பது பத்து மணிக்கு. அந்த நாலு மணித்தியாலமும் அவ்வளவு பெரிய கட்டிடத்தில் அவரும் வாளியும், நானும் இடுப்பில் தொங்கும் திறப்புக் கோர்வையும்.

எதைச் சொன்னாலும் "மறுகா" என்றுதான் அவர் தொடங்குவார். பழகிய முதல் வாரம், "மறுகா எண்டா என்னக்கா?" என்று கேட்டேன். "மறுகா சொல்றன்" என்றார். அது "பிறகு" என்று விளங்க எனக்கு இன்னொரு வாரம் எடுத்தது. அப்படித்தான் நாங்கள் சிநேகிதமானோம்.

வேலையில் அவருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மண்டபத்தின் பின்சுவரில் தொடங்கி வாசலை நோக்கித் துடைத்துக்கொண்டு வருவார். துடைத்த இடத்தை மிதிக்கமாட்டார். எந்தத் தரை எவ்வளவு நேரத்தில் காயும் என்று மணிக்கூடு பார்க்காமல் சொல்வார். கல்லுத் தரை பன்னிரண்டு நிமிடம், மரத் தரை எட்டு. நான் சும்மா இருக்கும் நேரத்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் பிழைத்ததில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் நவம்பரில் எகிப்துக் கடவுள்கள் வந்து இறங்கினார்கள். நாடு நாடாகச் சுற்றும் கண்காட்சி. நரிமுகத்தோடு அனுபிஸ், செத்தவரின் இதயத்தைத் தராசின் ஒரு தட்டிலும் ஓர் இறகை மறுதட்டிலும் வைத்து நிறுப்பவர். அகதி விசாரணைக்குப் போய் வந்த ஆட்களுக்கு அவரை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பக்கத்தில் அரிவாள்மூக்கன் பறவையின் முகத்தோடு தோத். நடப்பதையெல்லாம் எழுதிவைக்கும் கிளாக்கர். பூனைமுகத்து பாஸ்தெத். தம்பி கண்டதுண்டமாக வெட்டிப் போட்டும், மனைவி ஐசிஸ் பொறுக்கிச் சேர்த்து எழுப்பிவிட்ட ஒசிரிஸ். நான் கத்தோலிக்கப் பெண். மடு மாதாவைத் தவிர வேறு யாருக்கும் மெழுகுதிரி கொளுத்தியதில்லை. எனக்கு இவர்கள் எல்லாரும் காவல் காக்கவேண்டிய கல்லும் மரமும்தான்.

அக்காவுக்கு அப்படியில்லை. இரண்டாம் நாளே சொந்தக்காரரைப் போலக் கதைக்கத் தொடங்கிவிட்டார். "நரியார், காலத் தூக்குங்க, தூசி கிடக்கு" என்பார். பூனைமுகத்தாளை "பூனையம்மா" என்பார். கடைசி மண்டபத்துக்குப் போனால் மட்டும் குரல் தணிந்துவிடும்.

அங்கே செக்மெட் தனியாக இருந்தாள். கறுத்த கருங்கல். கதிரையில் நிமிர்ந்து இருக்கும் பெண்ணுடம்பு, சிங்கத்தின் முகம், தலையில் சூரிய வட்டம், இரண்டு கையும் தொடையில். கண்ணாடிப் பெட்டி இல்லை. சுற்றிவரக் கயிறு மட்டும். மூவாயிரம் வருடத்துக்கு மேல் பழையவள். அவளுக்கு அக்கா பட்டப்பெயர் வைக்கவில்லை. அம்மா என்று மட்டும் சொன்னார்.

டிசம்பர், நத்தாருக்கு முந்தின வெள்ளிக்கிழமை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கிழமை லீவு. கயிற்றுத் தூண்களைத் துடைத்து முடித்துவிட்டு அக்கா சிலையை நிமிர்ந்து பார்த்தார்.

"நாங்க ஒரு கிழமைக்கு வரமாட்டம் அம்மா. பாவம், தனிய இருக்கப்போறீங்க. ஒருக்கா எங்கட வீட்ட வாங்களன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னக்கா, கல்லுக்கும் விருந்தோ?"

"சும்மா ஒரு வார்த்தைக்குக் கா" என்று அவரும் சிரித்தார். அவர் ஊரில் பெண்கள் ஒருவரையொருவர் அழைப்பது "கா" என்றுதான்.

உண்மையாகவே சும்மா ஒரு வார்த்தைதான். குழாய் திருத்த வந்தவனுக்கும் சொல்கிறோம், பஸ்ஸில் பத்து நிமிடம் பக்கத்தில் இருந்தவளுக்கும் சொல்கிறோம். வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் சொல்கிறோம்.

லீவு முடிந்து வந்த திங்கட்கிழமை காலை அக்கா என்னைக் கூப்பிட்டார். வாளிக்குப் பக்கத்தில் மொப்பைப் பிடித்தபடி நின்றார். "இஞ்ச பார் புள்ள" என்று சிலையின் பீடத்துக்கு முன்னால் ஒரு இழுவை இழுத்தார். மொப் போன இடம் ஈரத்தில் பளபளத்தது. நான் குனிவதற்குள் காய்ந்துவிட்டது. கயிற்றுக்கு வெளியே இழுத்தார். அங்கே ஈரம் இருந்தது. பன்னிரண்டு நிமிடம் அப்படியே இருந்தது.

"கீழ ஹீற்றர் குழாய் போகுதாக்கும்" என்றேன். திருத்த வேலைப் பகுதிக்குத் தொலைபேசி அடித்துக் கேட்டேன். அந்தத் தரைக்குக் கீழே குழாயும் இல்லை, வயரும் இல்லை என்றார்கள். குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல்காரரின் நெற்றிபோல இருந்தது. கையை எடுத்துக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

"இவ ஆரு கா? என்ன செய்தவ?" என்று அக்கா கேட்டார். கூட்டங்களுக்கு விளக்கம் சொல்லும் பெண்ணின் வாயால் ஒரு நாளைக்கு மூன்று தரம் கேட்டு அந்தக் கதை எனக்குப் பாடமாகியிருந்தது. தேத்தண்ணி இடைவேளையில் சொன்னேன்.

சூரியக் கடவுள் ரா கிழவனாகிப் போனாராம். மனிதர்கள் அவரை மதிக்காமல் சதி செய்யத் தொடங்கினார்களாம். அவர் தன் கண்ணைப் பெண்ணாக்கி, சிங்கமாக்கி அனுப்பினார். அவள் கொல்லத் தொடங்கினாள். இரத்தத்தில் ருசி கண்டு, போதும் என்று அவர் சொல்லியும் நிறுத்தவில்லை. கடைசியில் ஏழாயிரம் சாடி பியரில் சிவப்பு மண்ணைக் கலந்து வயல் முழுக்க ஊற்றிவைத்தார்கள். இரத்தம் என்று நினைத்துக் குடித்தாள், வெறித்தாள், நித்திரையானாள். மிச்ச மனிதர் தப்பினர். நோயை அனுப்புகிறவளும் அவள்தான், மாற்றுகிறவளும் அவள்தான். அவளுடைய பூசாரிமாரே அந்த நாட்டில் வைத்தியர்கள். ஒரு ராசா இவளுக்கு நூற்றுக்கணக்கில் சிலை செய்துவைத்தாராம். வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்றாக வைத்து இவளைச் சாந்தப்படுத்தியிருக்கலாம் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள்.

நான் பகிடியாகத்தான் சொல்லிக்கொண்டு போனேன். அக்கா தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப ஏமாத்தினவங்க."

"என்னக்கா?"

"கோபத்தை ஆத்தயில்ல. வெறியில படுக்க வச்சிருக்காங்க. எங்கட கண்ணகியம்மன் மதுரையை எரிச்சுப்போட்டு வந்தவ. அவவுக்கு வைகாசியில குளிர்த்தி செய்யிற. வேப்பிலையும் தண்ணியுமா, பாடிப் பாடி, ஆறும்வரைக்கும். இவவுக்கு ஆரும் அப்பிடிச் செய்யயில்ல. ஒரு நாளைக்கு ரெண்டு தரம் சமாளிச்சிருக்காங்க. அதையும் விட்டு எத்தின ஆயிரம் வருசம்?" வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "மறுகா நித்திரை முறிஞ்சா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாங்கம் அண்ணைக்குக் காய்ச்சல். மாலைக்குள் மார்பெல்லாம் கொப்புளம். நான் தொலைபேசியில் கேட்டபோது அக்கா மெல்லிய குரலில், "அம்மாள் வந்திருக்கிறா" என்றார். கொப்பளிப்பான் வந்தால் அவர்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள், எங்கள் ஊரிலும் வேதக்காரர் அல்லாதவர்கள் அப்படித்தான். வந்தவளை மரியாதையாக நடத்தவேண்டும். தாளிக்கக்கூடாது, மீன் மச்சம் காய்ச்சக்கூடாது. வாசலில் வேப்பிலை செருகவேண்டும். அக்கா எல்லாம் செய்தார். ஸ்காபரோத் தமிழ்க்கடையில் பொலித்தீன் பையில் விற்கும் வேப்பிலை மில்லிக்கன் வாசலில் பனியில் விறைத்துத் தொங்கியது.

செவ்வாய்க்கிழமை மூச்சு எடுக்க ஏலாமல் அண்ணையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சின்ன வயதில் வராமல் தப்பிய ஆட்களுக்கு வளர்ந்தபிறகு வந்தால் நுரையீரலில் இறங்கிவிடும் என்று டொக்டர் சொன்னாராம். புதன்கிழமை தொண்டைக்குள் குழாய் போட்டு மெசின்தான் மூச்சு விட்டது. மகளை வரச்சொல்லுங்கள் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வியாழன் காலை ஆறு மணிக்கு அக்கா வேலைக்கு வந்து நின்றார். நான் திடுக்கிட்டுப்போனேன். கண் இரண்டும் வீங்கியிருந்தன. கையில் சாப்பாட்டுப் பை.

"வெள்ளிக்கிழமை கூப்பிட்டனான். பதினாறாம் நாள் வந்திட்டா" என்றார். "கூப்பிட்டவள் நான். நான்தான் அனுப்போணும். குளிர்த்தி அவட காலடியிலதான் செய்யோணும். எங்கட ஊரில கோயில் பூசாரி, கட்டாடியார் செய்யிறவர். இங்க கட்டாடியாருக்கு எங்க போற? என்னட்ட வாளிதான் இருக்கு." பிறகு என் கையைப் பிடித்தார். "கடைசி மண்டபத்து வாசலில நில்லு புள்ள. ஒண்டும் பாக்காத."

அவர்கள் தரும் மருந்துநீரைத் தவிர வேறு எதையும் அந்த மண்டபங்களில் பாவிக்கக்கூடாது. கண்டால் எழுதிக் கொடுக்கவேண்டியது என் வேலை. வேலையே போய்விடும், இரண்டு பேருக்கும். நான் மாமாங்கம் அண்ணையை நினைத்தேன். நத்தாருக்கு எங்களுக்காகத் தானே நண்டு உடைத்துத் தந்த மனிதன். போய் வாசலில் நின்றேன். பார்க்காமலும் இருக்கவில்லை.

பச்சைத் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து வேப்பிலையைக் கசக்கிப் போட்டார். மொப்பை நனைத்து, கயிற்றுக்குள் போய், சிலையைத் தொடாமல், பீடத்தைச் சுற்றித் துடைக்கத் தொடங்கினார். கமராவில் பார்த்தால் ஒரு துப்புரவுக்காரி தன் வேலையைச் செய்கிறாள், அவ்வளவுதான். வாய் பாடிக்கொண்டிருந்தது. மிகத் தாழ்ந்த குரல். ஒரே ராகம் திரும்பத் திரும்ப வட்டமாகச் சுற்றி வந்தது. முதல் சுற்றில், சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம் கேட்டது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் மொப் விலக விலகத் தரை காய்ந்துகொண்டு போனது. இரண்டாம் சுற்றில் ஈரம் சற்று நின்றது. மூன்றாம் சுற்று முடிந்தபோது தரை முழுக்க நனைந்து கிடந்தது. வேப்பிலை வாசம் என் தொண்டைவரை வந்தது.

இனி அனுப்பும் வார்த்தை. அக்கா மொப்பைச் சாய்த்துவிட்டுக் கைகூப்பி நின்றார். "போயி..." என்று தொடங்கி உதட்டைக் கடித்தார். மறுபடி தொடங்கி மறுபடி கடித்தார். வாசலில் நின்று ஒருவரை வெறும் "போ" என்று சொல்ல நம் நாக்குப் பழகவில்லை. பழக்கத்தில் பாதிச் சொல் கூட வந்துவிட்டால் எல்லாம் பாழ்.

"இவ்வளவு பெரிய ஆளை எப்பிடிக் கா போ எண்டு சொல்ற?" என்று என்னைப் பார்த்து அழுதார். நான் மாமாங்கம் அண்ணை என்று மட்டும் சொன்னேன்.

அக்கா திரும்பினார். "போங்க அம்மா" என்றார். குரல் உடைந்தது. "போங்க."

மண்டபத்தின் விளக்கு அப்படியே இருந்தது. சிலை அப்படியே இருந்தது. ஆனால் என் முதுகில் ஒரு வெக்கை பட்டு விலகியது. குசினியில் ஒருவர் அடுப்புக்கும் நமக்கும் நடுவே நடந்து போனால் தெரியுமே, அப்படி.

பன்னிரண்டு நிமிடத்தில் தரை காயவில்லை. பத்து மணிக்குச் சனம் வரும்போதும் காயவில்லை. கவனம், ஈரம் என்ற மஞ்சள் பலகையை நான்தான் கொண்டுவந்து வைத்தேன். மத்தியானம்வரை அந்தப் பலகை அங்கே நின்றது. பின்னேரம் மாமாங்கம் அண்ணையின் காய்ச்சல் இறங்கியது. சனிக்கிழமை குழாயைக் கழற்றினார்கள். மருந்து நன்றாக வேலை செய்தது என்றார் டொக்டர். செய்திருக்கும், நான் மறுக்கவில்லை.

அன்றிலிருந்துதான் அக்கா யாரையும் வா என்று சொல்லாமல் விட்டார். "ஆரைக் கூப்பிடுறன், ஆரு கேக்குறாங்க எண்டு எனக்குத் தெரியா கா. வாயை மூடி இருக்கிறது நல்லம்" என்றார். சொந்த மகளையும் "எப்ப வாறாய்?" என்று கேட்பதில்லை. லக்ஷிகா அதற்கு அழுதிருக்கிறாள்.

இனி என் பங்கு. சித்திரையில் கண்காட்சி முடிந்தது. சாமான் ஏற்றும் பின்கதவில் அன்றைக்கு எனக்குக் காவல். அனுபிஸ் போனார், தோத் போனார், பூனையம்மா போனாள். கடைசியாகச் செக்மெட்டின் பெட்டி உருண்டு வந்தது. சுற்றிவரப் பஞ்சடைத்து, ஆணி அடித்து, பெட்டிமேல் ஒரு இலக்கம். எனக்கு அவள்மேல் பாவமாகிப் போனது. வந்த வீட்டிலிருந்து போ என்று அனுப்பிவிட்டார்கள். இங்கேயிருந்தும் ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லாமல் போகிறாள். நானும் பெட்டியோடு பெட்டியாக மூன்று நாடு கடந்து வந்தவள்தானே. பெட்டி என்னைத் தாண்டும்போது வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"போயிட்டு வாங்கோ அம்மா."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. லொறிக் கதவு மூடியது. நான் அதை அக்காவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கல்லுத்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கண்காட்சி அமெரிக்காவில் இரண்டு நகரம் சுற்றிவிட்டு, ஊருக்குத் திரும்பும் வழியில் எங்களிடம் இன்னும் இரண்டு மாதம் தங்கும் என்று இந்தத் தை மாதம் அறிவித்தார்கள். பெட்டிகள் போன வியாழன் வந்து சேர்ந்தன. பெட்டிகளைத் திறப்பது நாளைக்கு, திங்கள்.

சனிக்கிழமை, அதாவது நேற்று மத்தியானம், அஜக்ஸில் என் குசினித் தரையைத் துடைத்தேன். மொப்பைப் பிழியத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தபோது தரை காய்ந்திருந்தது. மறுபடி துடைத்தேன். என் கண்ணுக்கு முன்னாலேயே ஈரம் நாலு பக்கத்திலிருந்தும் சுருங்கி ஒன்றுமில்லாமல் போனது. மேல்மாடியிலிருந்து என் மனிசன் அமிர்தநாதர், "செலீன், ஜன்னலைத் திறந்துவிடு. எனக்கு உடம்பு காயுது" என்றார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவருக்குச் சின்ன வயதில் கொப்பளிப்பான் வந்ததில்லை.

நான் மாதாவைக் கூப்பிட்டேன். பிறகு அக்காவைக் கூப்பிட்டேன். தொலைபேசியில் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

"எப்ப சொன்ன?"

"சித்திரையில அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"ஒன்பது மாசமா வழி கேட்டு வந்திருக்கிறா" என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பனியில் 401 நெடுஞ்சாலை ஊர்ந்ததால் அவர் வர ஒரு மணித்தியாலம் ஆனது. சொந்த வாளியோடு வந்தார். என்னோடு கதைக்காமல் வேலையைத் தொடங்கினார். அதே மஞ்சள், அதே வேப்பிலை, அதே தாழ்ந்த பாட்டு. மூன்று சுற்று முடிந்தும் ஈரம் அரைகுறையாகத்தான் நின்றது.

"காலடி இங்க இல்ல. இவ்வளவுதான் ஆறுவா. பயப்படாத கா. எனக்கு ஏழு வயசில வந்தவ. மாமாங்கத்துக்கும் வந்துபோயிட்டா. எங்கட வீட்டில அவவுக்கு இனி ஒரு வேலையும் இல்ல." எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். அவர் போய் முன்கதவை அகலத் திறந்து பிடித்தார். "நீ கூப்பிட்டனீ. நீதான் சொல்லோணும்."

மூடும் நேரத்து முறை வரும் நாட்களில் நூற்றுக்கணக்கான ஆட்களை வெளியே போங்கள் என்று அனுப்புகிறவள் நான். அந்தப் பெருமையெல்லாம் வாசலில் நின்றபோது எங்கே போனதோ தெரியாது. நாக்கு ஒட்டிக்கொண்டது. அக்கா அன்றைக்கு எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்தார் என்று அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. மேலே அமிர்தநாதர் இருமினார்.

"போங்கோ" என்றேன். "போங்கோ அம்மா."

கதவு அகலத் திறந்திருந்தும் வெளிக்குளிர் ஒரு கணம் உள்ளே வரவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு ஏதோ கடந்தது. பிறகுதான் பனிக்காற்று முகத்தில் அடித்தது.

அக்கா வாளியைக் கவிழ்த்துக் கழுவினார், சப்பாத்தைப் போட்டார், தலையை மூடினார். "போறன்" என்றார்.

எத்தனையோ வருடச் சிநேகிதம். "ஓம் அக்கா, போங்கோ" என்றேன். கதவைச் சாத்தி, கண்ணாடியால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் வந்த தடத்தைப் பனி மூடியிருந்தது. கார்வரைக்கும் புதிதாக ஒரே ஒரு சோடிக் காலடி பதிந்துகொண்டு போனது. அதற்குப் பக்கத்தில், கூடவே, பனி உருகிச் சீமெந்து தெரிய ஒரு காய்ந்த பாதை போனது. அக்கா காரின் பின்கதவைத் திறந்தார். வயதான ஒருவர் சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி அமரும்வரைக்கும் நிற்பதுபோலத் தலையைக் குனிந்து நின்றார். பிறகு கதவை மெல்லச் சாத்திவிட்டு முன்னால் ஏறினார்.

ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து, அக்கா, திரும்பி வாங்கோ, நானே இவளை வைத்துக்கொள்கிறேன் என்று கத்தவேண்டும் போலிருந்தது. அந்த வார்த்தையைத்தான் நான் சொல்லக்கூடாது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அமிர்தநாதருக்கு இரவே காய்ச்சல் விட்டது. கொப்புளம் ஒன்றும் போடவில்லை. இன்றைக்குப் பூசைக்கும் போகாமல், பாணும் சம்பலும் கேட்டுச் சாப்பிட்டுவிட்டு ஹொக்கி பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் அக்காவுக்குத் தொலைபேசி அடித்தேன்.

"வீடு எப்பிடி அக்கா?"

"துடைச்ச உடன காயுது கா" என்றார். "மாமாங்கம் ஹீற்றரை நிப்பாட்டிப்போட்டு பெனியனோட இருக்கிறார். பனிக்காலத்துக்கு நல்லாத்தான் இருக்கு."

அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை. பெட்டியை நாளைக்கு எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று கேட்டார். எட்டு மணிக்கு என்றேன். ஆறு மணிக்கே வாளியோடு நிற்பேன், அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு வந்து காலடியிலேயே ஆற்றுகிறேன் என்றார். கடைசி மண்டபத்து வாசலில் நானும் நிற்பேன் என்றேன்.

"சரி, வை" என்றார். வைத்தேன்.